பழைய கணினியில் லினக்ஸ்: தொடக்க ஏற்றியும் கொன்சோல் அமைப்புகளும்

க.பொ.த. உயர்தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
பணிசெயல் முறைமை அலகுக்கான துணைப்பாடம்

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள்
• கணினி தொடங்கும் படிமுறைகளை ஒழுங்காக விளக்குவீர்கள்.
• திரை கருமையாகும்போது தவறு எந்தப் படியில் உள்ளது என இனங்காண்பீர்கள்.
• தொடக்க ஏற்றியில் பொருத்தமான கொன்சோல் அமைப்பைத் தெரிவுசெய்வீர்கள்.
• காட்சி நினைவகம், தொடர் ஊடுகடத்தல் தொடர்பான கணிப்புகளைச் செய்வீர்கள்.

1. அறிமுகம்

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்கு, அலுவலகமொன்று ஒதுக்கிய பழைய கணினி கிடைக்கிறது எனக் கொள்வோம். அதில் விண்டோஸ் எக்ஸ்பி இருக்கலாம். மைக்ரோசொஃப்ற் நிறுவனம் அதற்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8ஆம் திகதி நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10இற்கான ஆதரவும் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதி முடிவடைந்தது. புதிய விண்டோஸை ஏற்கும் வலு அக்கணினிக்கு இல்லை. எனவே கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸை நிறுவ முயல்கிறோம். நிறுவல் முடிகிறது, கணினி மீளத் தொடங்குகிறது, திரை கருமையாகிறது.

இந்நிலையில் பலர் கணினி பழுதடைந்துவிட்டது என முடிவுசெய்து மூலையில் வைத்துவிடுவர். வேறு சிலர் முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவுவர். அதனால் வன்தட்டிலிருந்த கோப்புகள் அழிவதோடு அதே கருந்திரையும் மீண்டும் தோன்றும். உண்மையில் பல தடவைகளில் கணினி நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அது அனுப்பும் காட்சியைத் திரையால் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். தொடக்க ஏற்றியில் ஒரு சொல்லை மாற்றினால் அக்கணினி வகுப்பறைக்குத் திரும்பும். முப்பது பேருக்கு நான்கு கணினிகள் உள்ள ஆய்வுகூடத்தில் ஐந்தாவது கணினியின் பெறுமதியை நீங்களே அறிவீர்கள்.

குறிப்பு: இப்பாடத்தில் கட்டளைச் சொற்கள் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. தட்டச்சிடும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே இடுதல் வேண்டும். லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கருதும் என்பதை நினைவிற் கொள்க.

2. கணினி தொடங்கும் படிமுறைகள்

பழைய கணினியொன்றில் பின்வரும் ஒழுங்கில் கட்டுப்பாடு கைமாறுகிறது.

படி 1: மின் வழங்கப்பட்டதும் தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் வன்பொருள்களைச் சோதிக்கிறது.
படி 2: பயோஸ் வன்தட்டின் முதலாவது துண்டத்தை வாசிக்கிறது. இது 512 பைற்றுகள் கொண்டது. இதில் 446 பைற்றுகள் தொடக்கக் குறிமுறைக்கும், 64 பைற்றுகள் பிரிவு அட்டவணைக்கும், எஞ்சிய 2 பைற்றுகள் அடையாளத்திற்கும் ஒதுக்கப்பட்டுள்ளன.
படி 3: 446 பைற்றுகளுக்குள் முழு ஏற்றியும் அடங்காது. எனவே அச்சிறு குறிமுறை, தொடக்க ஏற்றியின் அடுத்த பகுதியை வன்தட்டிலிருந்து நினைவகத்திற்குக் கொண்டுவருகிறது.
படி 4: தொடக்க ஏற்றி பட்டியைக் காட்டி, தெரிவுசெய்யப்பட்ட லினக்ஸ் கருவை நினைவகத்தில் ஏற்றி, அதற்குரிய பரமானங்களை ஒப்படைக்கிறது. கரு என்பது கேர்னல் எனப்படும் பகுதியாகும்.
படி 5: கரு வன்பொருள்களை இனங்கண்டு, கோப்பு முறைமையை இணைத்து, முதலாவது செயன்முறையைத் தொடங்குகிறது.
படி 6: உட்புகு திரை தோன்றுகிறது.

இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, திரையின் பொறுப்பும் இதே ஒழுங்கில் கைமாறுகிறது என்பதாகும். முதலில் பயோஸ், அடுத்து தொடக்க ஏற்றி, பின்னர் கரு, இறுதியில் வரைவியல் இடைமுகம் என்பன திரையை ஆள்கின்றன. ஆகவே திரையில் கடைசியாகத் தோன்றியது எது என்பதை அறிந்தால் தவறு எங்கே உள்ளது என்பதையும் அறியலாம்.

• பயோஸ் செய்தியும் தோன்றவில்லை: வன்பொருட் கோளாறு. தொடக்க ஏற்றிக்குச் சம்பந்தமில்லை.
• பயோஸ் செய்தி தோன்றியது, பட்டி தோன்றவில்லை: தொடக்க ஏற்றியிலோ அதன் திரை அமைப்பிலோ தவறு.
• பட்டி தோன்றியது, தெரிவுசெய்தபின் கருமை: கரு காட்சி முறையை மாற்றும்போது தவறு.
• கருவின் செய்திகள் ஓடிமுடிந்தபின் கருமை: வரைவியல் இடைமுகத்தில் தவறு.

3. கொன்சோல் என்றால் என்ன?

முறைமையின் செய்திகள் வெளிவருவதும் பயனரின் கட்டளைகள் உட்செல்வதுமான அடிப்படை இடமே கொன்சோல் ஆகும். முற்காலத்தில் தொலைத்தட்டச்சுப் பொறியே கணினியின் கொன்சோலாகப் பயன்பட்டது. அப்பொறியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே லினக்ஸில் இன்றும் ரிரிவை என வழங்குகிறது.

லினக்ஸ் கருவுக்கு மூன்று வகையாகக் கொன்சோலை அமைக்கலாம்.
(அ) எழுத்து முறைக் கொன்சோல்: 80 நிரல், 25 நிரை கொண்டது. எந்தப் பழைய காட்சி அட்டையிலும் இயங்கும்.
(ஆ) சட்டக இடையகக் கொன்சோல்: படப்புள்ளிகளால் எழுத்துகளை வரைவது. கூடிய காட்சி நினைவகம் தேவை.
(இ) தொடர் கொன்சோல்: திரைக்குப் பதிலாகத் தொடர் துறையின் ஊடாக வேறொரு கணினிக்குச் செய்திகளை அனுப்புவது.

4. தொடக்க ஏற்றிகள்

லைலோ: வேர்னர் அல்மெஸ்பேர்கர் 1992இல் தொடங்கியது. அமைப்புகள் /ஈரிசி/லைலோ.கொன்ஃப் எனும் கோப்பில் உள்ளன. கோப்பை மாற்றிய ஒவ்வொரு முறையும் லைலோ எனும் கட்டளையை இயக்குதல் வேண்டும். இல்லாவிடில் மாற்றம் நடைமுறைக்கு வராது. இதன் விருத்தி 2015இன் இறுதியில் நிறுத்தப்பட்டது.

லைலோ தொடங்கும்போது தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் இடும். முதலாவது எழுத்துடன் நின்றால் முதற்பகுதி ஏற்றப்பட்டது, இரண்டாம் பகுதியை ஏற்ற முடியவில்லை எனப் பொருள். இரண்டு எழுத்துகளுடன் நின்றால் இரண்டாம் பகுதி ஏற்றப்பட்டும் இயங்கவில்லை எனப் பொருள். நான்கும் தோன்றினால் ஏற்றி முழுமையாக இயங்குகிறது.

கிரப் பழைய பதிப்பு: எரிக் போலின் 1995இல் தொடங்கியது. இதன் கடைசிப் பதிப்பான 0.97 2005இல் வெளிவந்தது.

கிரப் 2: இன்று பெரும்பாலும் பயன்படுவது. உபுண்டு 9.10 முதல், அதாவது 2009 ஒக்ரோபர் முதல், இதையே இயல்பாக நிறுவியது. அமைப்புகளை /ஈரிசி/டிஃபோல்ற்/கிரப் எனும் கோப்பில் எழுதி, அப்டேற்-கிரப் எனும் கட்டளையை இயக்குதல் வேண்டும்.

கவனிக்க: மிகப் பழைய பயோஸ்கள் வன்தட்டின் முதல் 1024 உருளைகளை மட்டுமே அணுகக்கூடியவை. 1024 × 255 × 63 × 512 = 8,422,686,720 பைற்றுகள், ஏறத்தாழ 8.4 ஜிகா பைற்று ஆகும். கருக்கோப்பு இந்த எல்லைக்கு அப்பால் அமைந்தால் ஏற்றியால் அதை எடுக்க முடியாது. எனவே வன்தட்டின் தொடக்கத்திலேயே /பூட் எனும் சிறிய பிரிவொன்றை அமைப்பது பாதுகாப்பானது.

5. காட்சி முறையைத் தெரிவுசெய்தல்

ஒரு காட்சி முறை இயங்குவதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. இரண்டும் நிறைவேற வேண்டும்.

நிபந்தனை 1: காட்சி நினைவகம் போதியதாக இருத்தல்.
தேவையான பைற்றுகள் = அகலம் × உயரம் × ஒரு படப்புள்ளிக்கான பைற்றுகள்

640 × 480, 8 பிற்று: 307,200 பைற்றுகள்
800 × 600, 16 பிற்று: 960,000 பைற்றுகள்
1024 × 768, 8 பிற்று: 786,432 பைற்றுகள்
1024 × 768, 16 பிற்று: 1,572,864 பைற்றுகள்

எழுத்து முறையில் ஓர் எழுத்துக்கு 2 பைற்றுகள் மட்டுமே வேண்டும்: ஒன்று எழுத்துக்கு, மற்றையது நிறத்திற்கு. 80 × 25 × 2 = 4000 பைற்றுகள். ஆதலால் எழுத்து முறைக்கு நினைவகக் குறைபாடு ஒருபோதும் ஏற்படாது.

நிபந்தனை 2: திரையின் கிடை மீடிறன் எல்லைக்குள் இருத்தல்.
செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கும்போது 640 × 480இற்கு ஏறத்தாழ 31.5 கிலோஹேர்ட்ஸும், 800 × 600இற்கு 37.9 கிலோஹேர்ட்ஸும், 1024 × 768இற்கு 48.4 கிலோஹேர்ட்ஸும் தேவை. கதோட்டுக் கதிர்க் குழாய்த் திரையின் கையேட்டில் அதன் எல்லை குறிப்பிடப்பட்டிருக்கும். எல்லையை மீறினால் திரை கருமையாகும், அல்லது சமிக்ஞை எல்லைக்கு அப்பாற்பட்டது எனும் அறிவித்தல் தோன்றும்.

லைலோவிலும் பழைய கிரப்பிலும் விஜிஏ= எனும் பரமானத்திற்குப் பின் காட்சி முறையின் எண்ணை இட்டனர். 788 என்பது 800 × 600, 16 பிற்று. 791 என்பது 1024 × 768, 16 பிற்று. 769 என்பது 640 × 480, 8 பிற்று. எண்ணுக்குப் பதிலாக நோர்மல் என இட்டால் எழுத்து முறை கிடைக்கும். ஆஸ்க் என இட்டால் கரு பட்டியலைக் காட்டி உங்களிடமே வினவும்.

இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? வீசா நியம எண்ணுடன் பதினறும எண் 200ஐக் கூட்டினால் இவை கிடைக்கும். உதாரணமாக 791ஐப் பதினறுமத்திற்கு மாற்றுக. 791 = 3 × 256 + 1 × 16 + 7. எனவே அது பதினறுமத்தில் 317. அதிலிருந்து 200ஐக் கழித்தால் வீசா எண் 117 ஆகும். காட்சி அட்டை அம்முறையை அறியாவிடின், 317 எனும் எண் வரையறுக்கப்படவில்லை எனக் கரு அறிவித்து 30 செக்கன்கள் காத்திருக்கும். 791 என இட்டிருக்க 317 ஏன் தோன்றுகிறது எனக் குழம்பத் தேவையில்லை.

கிரப் 2இல் விஜிஏ= எனும் முறை வழக்கொழிந்துவிட்டது. அதற்குப் பதிலாக அமைப்புக் கோப்பில் பின்வருவன எழுதப்படும்.

கிரப்_ரேமினல்=கொன்சோல்
(பட்டி எழுத்து முறையில் தோன்றும்)

கிரப்_ஜிஎஃப்எக்ஸ்பேலோட்_லினக்ஸ்=ரெக்ஸ்ற்
(கரு எழுத்து முறையிலேயே தொடங்கும்)

6. நோமோட்செற் எனும் பரமானம்

2009 மார்ச்சில் வெளியான 2.6.29ஆம் பதிப்பில், இன்ரெல் காட்சிச் சில்லுகளுக்குக் கருவே காட்சி முறையை மாற்றும் வசதி சேர்க்கப்பட்டது. பின்னர் ஏனைய சில்லுகளுக்கும் விரிந்தது. இதனால் தொடக்க ஏற்றியில் எழுத்து முறையைக் கேட்டிருந்தாலும், கரு செலுத்தியை ஏற்றியவுடன் தானே வேறொரு முறைக்குத் தாவக்கூடும். பழைய அட்டையோ திரையோ இதைத் தாங்காதபோது கருந்திரை ஏற்படுகிறது. நோமோட்செற் எனும் சொல்லைக் கருவின் பரமானங்களுடன் சேர்த்தால் கரு அவ்வாறு தாவாது. வரைவியல் வேகம் குறையும். ஆயினும் திரையில் காட்சி கிடைக்கும்.

அதே வரியில் குவயற், ஸ்பிளாஷ் எனும் இரு சொற்கள் பெரும்பாலும் காணப்படும். முதலாவது செய்திகளைக் குறைக்கும். இரண்டாவது செய்திகளை ஒரு படத்தால் மறைக்கும். தவறு தேடும்போது இவ்விரண்டையும் முதலில் நீக்குக.

7. தொடர் கொன்சோல்

திரையே இல்லாத, அல்லது காட்சி அட்டை பழுதான கணினியையும் இயக்கலாம். இரு கணினிகளின் தொடர் துறைகளை நல் மோடம் வடத்தால் இணைத்து, மறுமுனையில் மினிகொம் போன்ற மென்பொருளை இயக்குதல் வேண்டும். கருவுக்குக் கொடுக்கும் பரமானம்:

கொன்சோல்=ரிரிவை0 கொன்சோல்=ரிரிவைஎஸ்0,9600என்8

ரிரிவை0 என்பது திரை. ரிரிவைஎஸ்0 என்பது முதலாவது தொடர் துறை. இதில் எஸ் மட்டும் பெரிய எழுத்து. 9600 என்பது செக்கனுக்கான பிற்றுகள். என் என்பது சமநிலைப் பிற்று இல்லை எனவும், 8 என்பது எட்டுத் தரவுப் பிற்றுகள் எனவும் பொருள்படும். கருவின் செய்திகள் இரண்டு இடங்களுக்கும் செல்லும். ஆனால் கடைசியாக எழுதப்பட்டதே முதன்மைக் கொன்சோல் ஆகும். எனவே ஒழுங்கு முக்கியமானது. இரு முனைகளிலும் வேகம் ஒன்றாக இராவிடில் பொருளற்ற எழுத்துகளே தோன்றும்.

கணிப்பு: ஓர் எழுத்தை அனுப்ப 1 தொடங்கற் பிற்று, 8 தரவுப் பிற்றுகள், 1 நிறுத்தற் பிற்று என மொத்தம் 10 பிற்றுகள் தேவை. 9600 ÷ 10 = 960 எழுத்துகள் ஒரு செக்கனில் செல்லும். 80 × 25 = 2000 எழுத்துகள் கொண்ட முழுத் திரைக்கு 2000 ÷ 960 = ஏறத்தாழ 2.08 செக்கன்கள். 115200 எனும் வேகத்தில் ஏறத்தாழ 0.17 செக்கன்கள் போதும்.

8. மாற்றும் ஒழுங்கு

முதலில் தற்காலிகமாக மாற்றிப் பாருங்கள். சரியானால் மட்டும் கோப்பில் எழுதுங்கள்.

1. பட்டி தோன்றியதும் உரிய வரியைத் தெரிந்து ஈ சாவியை அழுத்துக. கிரப் 2இல் பட்டி தோன்றாவிடில் தொடக்கத்தில் ஷிஃப்ற் சாவியை அழுத்திப் பிடிக்க.
2. லினக்ஸ் எனத் தொடங்கும் வரியில் குவயற், ஸ்பிளாஷ் என்பவற்றை நீக்கி நோமோட்செற் என இடுக. பழைய கிரப்பில் இவ்வரி கேர்னல் எனத் தொடங்கும்.
3. கிரப் 2இல் எஃப்10 சாவியாலும், பழைய கிரப்பில் பி சாவியாலும் தொடங்குக.
4. சரியாக இயங்கினால் அமைப்புக் கோப்பின் பிரதியொன்றை எடுத்துவைத்து, அதன்பின் மாற்றத்தை எழுதுக.
5. அப்டேற்-கிரப் கட்டளையை இயக்கி, மீளத் தொடங்கிச் சோதிக்க.

பட்டியில் செய்யும் மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே உரியது. பிழைத்துவிட்டால் மின்னை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் பழைய நிலை திரும்பும். இதுவே இம்முறையின் பாதுகாப்பு.

9. தமிழும் எழுத்து முறைக் கொன்சோலும்

லினக்ஸின் எழுத்து முறைக் கொன்சோல் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 512 எழுத்துருக்களையே கையாளும். கொம்பு, விசிறி போன்றவற்றை உரிய இடத்தில் சேர்த்து வரையும் ஆற்றலும் அதற்கு இல்லை. ஆதலால் தமிழ் அங்கே சரியாகத் தோன்றாது. டெபியன் 4.0 பதிப்புடன் 2007இல் வரைவியல் நிறுவி வந்தபின்னரே நிறுவலின்போது தமிழைத் தெரிவுசெய்ய முடிந்தது. பழைய கணினியில் எழுத்து முறை நிறுவியைப் பயன்படுத்த நேர்ந்தால் ஆங்கிலத்தில் நிறுவி, வரைவியல் இடைமுகம் இயங்கிய பின்னர் தமிழைச் சேர்த்துக்கொள்க. எழுத்து முறையில் தமிழ் இல்லை என்பதால் அந்தக் கணினியில் தமிழே வராது எனக் கருதுவது தவறாகும்.

10. எந்தப் பதிப்பைத் தெரிவுசெய்வது?

பழைய கணினிகளிற் பல 32 பிற்று முறைவழியாக்கியைக் கொண்டவை. உபுண்டு தனது 32 பிற்று மேசைக் கணினி நிறுவல் வட்டை 17.10 பதிப்புடன் 2017இல் நிறுத்தியது. ஃபெடோரா 2019இல் வெளியான 31ஆம் பதிப்பில் 32 பிற்றுக் கருவைக் கைவிட்டது. இலங்கையில் உருவாக்கப்பட்ட ஹந்தான லினக்ஸ் ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டதாகும். டெபியனில் 2023இல் வெளியான 12ஆம் பதிப்பே 32 பிற்றுக் கணினிக்கான நிறுவியைக் கொண்ட கடைசிப் பதிப்பு. 2025 ஓகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்பில் அது இல்லை. எனவே நிறுவ முன்னர் முறைவழியாக்கியின் வகையை அறிந்துகொள்க.

11. மலையகச் சூழலிற் கவனிக்க வேண்டியவை

• நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. குளிரான களஞ்சிய அறையிலிருந்து எடுத்த கணினியில் நீராவி ஒடுங்கியிருக்கலாம். அறை வெப்பநிலையில் சில மணித்தியாலங்கள் வைத்து, உலர்ந்தபின் மின்னை வழங்குக.
• பல வருடங்கள் கிடந்த கணினியில் தாய்ப்பலகையின் 3 வோல்ற்று மின்கலம் தீர்ந்திருக்கும். பயோஸின் திகதி பின்னோக்கிச் செல்லும். வன்தட்டின் கடைசி இணைப்பு எதிர்காலத்தில் நிகழ்ந்துள்ளது என லினக்ஸ் முறையிடும். இது ஏற்றியின் தவறன்று. மின்கலத்தை மாற்றித் திகதியைச் சரிசெய்க.
• ஏற்றியை எழுதும்போது மின் தடைப்பட்டால் கணினி தொடங்காது போகலாம். காற்றும் மழையுமான நாட்களில் தடையில்லா மின்வழங்கி இன்றி இவ்வேலையைச் செய்யாதீர்கள். அவ்வாறு நேர்ந்தால் நிறுவல் வட்டின் மீட்பு முறையால் ஏற்றியை மட்டும் மீள எழுதலாம். முழுவதையும் நிறுவத் தேவையில்லை.

12. மாதிரி நேர்வு

ஒரு கணினியில் கிரப் 2 பட்டி தோன்றுகிறது. லினக்ஸைத் தெரிவுசெய்ததும் சில வரிகள் ஓடித் திரை கருமையாகிறது. வன்தட்டு விளக்கு தொடர்ந்து மினுங்குகிறது. கப்ஸ் லொக் சாவியை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறது. திரையின் கிடை மீடிறன் எல்லை 30 – 40 கிலோஹேர்ட்ஸ். தவறு யாது? தீர்வு யாது?

விடை: பட்டி தோன்றியமையால் பயோஸும் தொடக்க ஏற்றியும் சரியானவை. கப்ஸ் லொக் விளக்கு அழுத்தத்திற்கேற்ப மாறுவதால் கரு உயிர்ப்புடன் உள்ளது. (கரு முடங்கியிருந்தால் விளக்கு மாறாது, அல்லது தானாகவே விட்டுவிட்டு எரியும்.) சில வரிகளின் பின்னரே கருமை ஏற்பட்டதால், கரு காட்சி முறையை மாற்றியபோது திரை எல்லை மீறப்பட்டது என ஊகிக்கலாம். 1024 × 768இற்கு 48.4 கிலோஹேர்ட்ஸ் தேவை. இத்திரை 40 வரையே ஏற்கும். தீர்வு: பட்டியில் நோமோட்செற் சேர்த்துச் சோதித்தல், பின்னர் அமைப்புக் கோப்பில் எழுதுதல், வரைவியல் இடைமுகத்தை 37.9 கிலோஹேர்ட்ஸ் தேவைப்படும் 800 × 600இற்கு மட்டுப்படுத்தல்.

புள்ளி வழங்கும்போது தீர்வுக்கு மட்டுமன்றிக் காரணத்திற்கும் புள்ளி உண்டு. ஆகவே அறிகுறி, ஊகம், தீர்வு என்ற ஒழுங்கில் எழுதப் பழகுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. 771 எனும் காட்சி முறை எண்ணைப் பதினறுமத்திற்கு மாற்றி, அதன் வீசா எண்ணைத் தருக.
2. 2,097,152 பைற்றுகள் காட்சி நினைவகம் கொண்ட அட்டையில் 1024 × 768, 24 பிற்று முறை இயங்குமா? கணித்துக் காட்டுக.
3. 19200 பிற்று வேகத்தில் 2000 எழுத்துகளை அனுப்ப எடுக்கும் நேரம் யாது?
4. மாணவி ஒருத்தி பட்டியில் நோமோட்செற் சேர்த்து லினக்ஸை இயக்கினாள். மறுநாள் திரை மீண்டும் கருமையானது. காரணத்தை விளக்குக.
5. லைலோ.கொன்ஃப் கோப்பை மாற்றிய பின்னரும் மாற்றம் நிகழவில்லை. செய்யத் தவறியது யாது?

விடைகள்

1. 771 = 3 × 256 + 0 × 16 + 3. எனவே பதினறுமத்தில் 303. வீசா எண் 103.
2. 1024 × 768 × 3 = 2,359,296 பைற்றுகள் தேவை. இது 2,097,152இலும் அதிகம். இயங்காது. 16 பிற்று எனின் இயங்கும்.
3. 19200 ÷ 10 = 1920; 2000 ÷ 1920 = ஏறத்தாழ 1.04 செக்கன்கள்.
4. பட்டியிற் செய்த மாற்றம் ஒரு தடவைக்கே உரியது. அமைப்புக் கோப்பில் எழுதி அப்டேற்-கிரப் இயக்கப்படவில்லை.
5. லைலோ கட்டளையை மீண்டும் இயக்கத் தவறியமை.